ஜப்பான் கத்தி வாங்கப் போறீங்களா? காசை எதுல போடணும், எதுல போடக்கூடாது

ஜப்பான் கத்தி ஒண்ணு வாங்கணும்னு ஆன்லைன்ல தேட ஆரம்பிச்சா முதல்ல கண்ணுல படுறது அலை அலையா கோடு போட்ட டமாஸ்கஸ் ப்ளேடு, எட்டு பட்டை மரப்பிடி, கறுப்பு கிஃப்ட் பாக்ஸ், 67 லேயர்னு பெருசா எழுத்து. விலை பார்த்தா ஒண்ணு 999 ரூபாய்னு இருக்கும், இல்லன்னா 25,000னு இருக்கும். ரெண்டுமே நம்ம வீட்டு சமையலுக்கு தேவையில்ல. முதல் வகையில கத்தியே இல்ல, ரெண்டாவது வகையில பாதி காசு அழகுக்கு போகுது. நடுவுல அலங்காரம் எதுவும் இல்லாம பார்க்க சாதாரணமா ஒரு வகை கத்தி இருக்கு, நான் யார் கேட்டாலும் சொல்றது அதைத்தான். ஆனா அதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு தெரியணும், அதைவிட முக்கியமா அதுல எதை வெட்டக்கூடாதுன்னு தெரியணும், ஏன்னா நம்ம ஊர் கிச்சன்ல கத்தின்னா தேங்காய் கீறுறதுல இருந்து பால் பாக்கெட் வெட்டுற வரைக்கும் எல்லா வேலைக்கும் அது ஒண்ணுதான்.

முதல்ல இந்த கத்தியில என்ன ஸ்பெஷல்னு பார்த்துடலாம். இப்ப உங்க வீட்டுல இருக்கிற கத்தியில ஒரு தடிச்ச கேரட்டை குறுக்க வெட்டி பாருங்க. பாதி வரைக்கும் கத்தி இறங்கும், அப்புறம் "டக்"னு ஒரு சத்தம், கேரட் தானா பிளந்துக்கும், ஒரு துண்டு எகிறி மேடையில உருண்டு ஓடும். அது வெட்டுனது இல்ல, ஆப்பு வச்சு பொளந்தது. ப்ளேடு தடிமனா இருக்கிறதால வர்ற சத்தம் அது, எவ்வளவுதான் கூர் போட்டாலும் போகாது. ஜெர்மன் ஸ்டைல் செஃப் கத்தியோட முதுகு பிடிகிட்ட 2.5 மில்லிமீட்டர்ல இருந்து 3க்கு மேல கூட போகும், ஜப்பான் கத்தி பெரும்பாலும் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், கீழ கூர் பக்கம் வர வர இன்னும் மெலிஞ்சுகிட்டே வரும். கூர் கோணமும் ஒரு பக்கத்துக்கு சுமார் 15 டிகிரி, ஜெர்மன் கத்தியில 20 கிட்ட. அதனால கேரட் சத்தமே இல்லாம ரெண்டாகும், வெங்காயம் நசுங்காம வெட்டுப்படும், நசுங்கலன்னா சாறு தெறிக்கிறது குறையும், கண்ணும் அவ்வளவா எரியாது. தக்காளித் தோல்ல கத்தியை வச்சு சும்மா இழுத்தா போதும், அழுத்த வேண்டாம். எடையும் கம்மி, 210 மில்லிமீட்டர் ஜப்பான் கத்தி ஒண்ணு 150ல இருந்து 190 கிராம்குள்ள முடிஞ்சிடும், அதே நீளத்துல ஜெர்மன் கத்தி 230, 250னு போகும். ஒரு கிலோ பீன்ஸ் நறுக்கி முடிக்கும்போது மணிக்கட்டுல தெரியும் அந்த வித்தியாசம்.

அப்ப நீங்க காசு குடுக்கிறது இந்த மெலிசுக்குத்தான். டிசைனுக்கு இல்ல, பேருக்கு இல்ல. கத்தி தேடும்போது இதை மட்டும் மனசுல வச்சுகிட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துடும்.

மெலிசா இருந்தா வளைஞ்சு போகாதான்னு கேப்பீங்க. வளையக்கூடாதுன்னுதான் ஸ்டீலை ரொம்ப கெட்டியா பதம் வைக்கிறாங்க. கெட்டித்தன்மையை ராக்வெல் சி ஸ்கேல்ல சொல்வாங்க, ஹெச்ஆர்சின்னு டப்பாவுல போட்டிருக்கும். ஜெர்மன் கத்திங்க 56, 58 அப்படி இருக்கும், ஜப்பான் கத்தியில சாதாரணமா 58ல ஆரம்பிச்சு 61, சில கார்பன் ஸ்டீல்ல 63, 64 வரைக்கும் போகும். நம்பர் ஏற ஏற கூர் ரொம்ப நாள் நிக்கும். ஆனா கெட்டியாக ஆக நொறுங்குற குணமும் கூடவே வரும். ஜெர்மன் கத்தியை எலும்புல போட்டா கூர் மடங்கும், திரும்ப நிமிர்த்திடலாம். ஜப்பான் கத்தியை எலும்புல போட்டா கூர்ல இருந்து ஒரு பொட்டு தெறிச்சு போயிடும், கடலைப் பருப்பு பாதி சைஸுக்கு ஒரு பல்லு விழுந்த மாதிரி நிக்கும், அதை கல்லுல தேய்ச்சு தேய்ச்சு சரி பண்ண ஒரு மணி நேரம் ஆகும்.

இந்த கத்தியை எதுல வைக்கவே கூடாது

தேங்காய். இதை முதல்ல சொல்லிடறேன். தேங்காய் உடைக்க யாரும் இந்த கத்தியை எடுக்க மாட்டாங்க, சரி, ஆனா உடைச்ச மூடியில இருந்து சில்லு நெம்பி எடுக்க எடுப்பாங்க, நுனியை ஓட்டுக்கும் தேங்காய்க்கும் நடுவுல விட்டு ஒரு திருகு திருகினா நுனி அங்கயே நின்னுடும். ஆட்டு எலும்பு, கோழி கால் மூட்டு, மீன் நடுமுள்ளு, மாங்கொட்டை, கருப்பட்டி, உருண்டை வெல்லம், ஃப்ரீசர்ல இருந்து எடுத்த எதுவும், இதெல்லாம் வேண்டாம். பரங்கிக்காய், சேனைக்கிழங்கு மாதிரி பெருசா கெட்டியா இருக்கிறதை வெட்டலாம், ஆனா பாதியில மாட்டிக்கிச்சுன்னா கத்தியை இடமும் வலமும் ஆட்டி எடுக்கக்கூடாது, நேரா மேல இழுத்துட்டு காயை திருப்பி போட்டு மறுபடி வெட்டணும். பக்கவாட்டுல வர்ற அழுத்தம்தான் இந்த கத்திக்கு எமன்.

அதனால பழைய கத்தியையும் அரிவாமனையையும் தூக்கிப் போடாதீங்க. அதுங்க இருந்தாத்தான் புது கத்தி பிழைக்கும். இன்னொரு விஷயம், நம்ம வீடுகள்ல நிறைய பேர் காயை கையில பிடிச்சுகிட்டு கட்டை விரலை நோக்கி கத்தியை இழுத்து அப்படியே பாத்திரத்துல விழுற மாதிரி நறுக்குவாங்க. மொக்கை கத்தியில அது பிரச்சனை இல்ல. இந்த கத்தியில அந்த பழக்கம் கட்டை விரலை கேக்கும். போர்டு இல்லாம இந்த கத்தியை எடுக்கவே வேண்டாம்.

எந்த ஷேப்

ஜப்பான்ல வேலைக்கு ஒரு கத்தின்னு ஏகப்பட்டது இருக்கு, வீட்டுக்கு யோசிக்க வேண்டியது நாலே நாலு. சான்டோக்கு, கியூட்டோ, நக்கிரி, பெட்டி.

சான்டோக்கு 165ல இருந்து 180 மில்லிமீட்டர் நீளம், உயரம் நல்லா இருக்கும், நுனி கொஞ்சம் கீழ வளைஞ்சு முடியும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதுக்கு அப்புறம் ஜப்பான் வீடுகளுக்காகவே பரவுன ஷேப் இது, காய் கத்தியையும் கறி கத்தியையும் கலந்து ஒண்ணா ஆக்குனது. சின்ன கிச்சன், சின்ன போர்டு, காய்தான் அதிகம்னா கண்ணை மூடிகிட்டு இதை எடுக்கலாம். நம்ம வீட்டு மேடைகளுக்கும் இதுதான் கச்சிதமா பொருந்தும்.

கியூட்டோ வந்து மேற்கத்திய செஃப் கத்தியோட ஜப்பான் வடிவம். மெய்ஜி காலத்துல, 1870கள்ல, மாட்டுக்கறி சாப்பிடுறது அங்க பரவ ஆரம்பிச்சப்ப வந்த கத்தி. 210 மில்லிமீட்டர்தான் வீட்டுக்கு சரியான அளவு, 240 ஹோட்டல்காரங்களுக்கு. முட்டைக்கோஸ் முழுசா நறுக்குறவங்க, எலும்பில்லாத கறி மீன் துண்டு போடுறவங்க, கத்தி நுனியை போர்டுல ஊன்றி ஆட்டி ஆட்டி கொத்தமல்லி நறுக்குற பழக்கம் உள்ளவங்க இதை எடுங்க. போர்டு நீளம் குறைஞ்சது 40 சென்டிமீட்டராவது இருக்கணும், இல்லன்னா நுனி குழாயிலயும் மிக்ஸியிலயும் இடிச்சுகிட்டே இருக்கும்.

நக்கிரி செவ்வகமா இருக்கும், கூர் நேர்கோடு, நுனியே கிடையாது. சைவ வீட்டுக்கு அருமையான கத்தி, கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ் எல்லாம் நேரா கீழ தள்ளி வெட்டினா அடியில தோல் ஒட்டிகிட்டு சங்கிலி மாதிரி தொங்காம சுத்தமா அறுந்து விழும். ஆனா நுனி இல்லாததால கத்தரிக்காய் காம்பு எடுக்க, மிளகாய் கீற கை பழகணும். ரெண்டாவது கத்தியா வாங்கலாம். பெட்டி 120ல இருந்து 150 வரைக்கும் வர்ற சின்ன கத்தி, சின்ன வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் பழத்துக்கும்.

டெபா, யானகிபா, உசுபான்னு கடைல பார்ப்பீங்க. ஒரு பக்கம் மட்டும் கூர் போட்ட கத்திங்க, மீன் கடையிலயும் சுஷி கடையிலயும் இருக்கிறவங்களுக்கானது. முதல் கத்தியா வேண்டவே வேண்டாம், இடது கைக்காரங்களுக்கு தனியா செஞ்சாதான் வேலைக்கே ஆகும். ரெண்டு பக்கமும் கூர் இருக்கிற சான்டோக்கு, கியூட்டோன்னா எந்த கைன்னாலும் பெருசா பிரச்சனை இல்ல.

ஸ்டீல்னு வரும்போது

இங்கதான் ஆளை குழப்புவாங்க. ரெண்டு குடும்பம்னு வச்சுக்கோங்க, கார்பன், ஸ்டெயின்லெஸ்.

கார்பன்ல ஷிரோகாமி, ஆவோகாமின்னு ரெண்டு பேர் அடிக்கடி கேப்பீங்க. கூர் போட ரொம்ப சுலபம், ஏறுற கூரும் வேற லெவல். ஆனா துருவை தடுக்குற அளவுக்கு குரோமியம் இல்லாததால துரு பிடிக்கும். நம்ம பாட்டி வீட்டு அரிவாமனையும் இரும்புதானே, வாழைக்காய் வாழைப்பூ வெட்டினா கத்தியும் கறுக்கும் காயும் கறுக்கும், எலுமிச்சை மாங்காய் வெட்டிட்டு ஒரு போன் பேசிட்டு வந்தா ப்ளேடுல கறை ஏறி நிக்கும். கொஞ்ச நாள்ல சாம்பல் நீலமா ஒரு படலம் உருவாகும், அது நல்லது, துருவை தடுக்கும், ஆனா ஆரஞ்சு நிறத்துல வர்றது துரு, அதை விடக்கூடாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடல் காத்து ஊர்ல, வீட்டுல நாலு பேர் கைமாத்துற கத்தின்னா, கார்பன் வேண்டாம்னுதான் சொல்லுவேன். கத்தி மேல கிறுக்கு பிடிச்ச பிறகு வாங்கிக்கலாம்.

ஸ்டெயின்லெஸ்ல பட்ஜெட்டுக்கு பார்க்க வேண்டியது மூணு. ஒண்ணு மாலிப்டினம் வனேடியம் ஸ்டீல்னு பொதுவா எழுதியிருக்கிறது, 57, 58 கெட்டி, கூர் கொஞ்சம் சீக்கிரம் போகும் ஆனா முரட்டுத்தனத்தை தாங்கும், கூர் போடவும் சுலபம். ரெண்டாவது ஏயூஎஸ்10, ஐச்சி ஸ்டீல் கம்பெனியோடது. மூணாவது விஜி10, ஃபுகுய் மாகாணத்துல இருக்கிற டக்கேஃபு ஸ்பெஷல் ஸ்டீல் பண்றது. விஜி10ல கார்பன் 1 சதவீதம், குரோமியம் 15 சதவீதம், கூட கொஞ்சம் கோபால்ட், மாலிப்டினம், வனேடியம், கெட்டி 60 சுத்தி. வீட்டு சமையலுக்கு இதுக்கு மேல எதுவும் தேவைப்படாது. எஸ்ஜி2ன்னு ஒரு பவுடர் ஸ்டீல் இருக்கு, நல்லதுதான், ஆனா அதோட விலைக்கு ரெண்டு கத்தியும் ஒரு கல்லும் வாங்கிடலாம்.

நல்ல பட்ஜெட் கத்திங்க நிறைய மூணு லேயர்ல வரும், நடுவுல கெட்டி ஸ்டீல், ரெண்டு பக்கமும் மெதுவான ஸ்டெயின்லெஸ் கவசம். வெளிச்சத்துல சாய்ச்சு பிடிச்சா கூருக்கு ஒரு சென்டிமீட்டர் மேல லேசா நெளிநெளியா ஒரு கோடு ஓடும், கோட்டுக்கு கீழ ஒரு பளபளப்பு, மேல வேற பளபளப்பு. அந்த கோடுதான் நடு ஸ்டீலும் கவசமும் சேர்ற இடம்.

டமாஸ்கஸ்ங்கிறது அதே கவசத்தை ரெண்டு லேயருக்கு பதிலா 32, 66னு அடுக்கி செய்றதுதான். வெட்டுறது நடுவுல இருக்கிற அந்த ஒரு ஸ்டீல் மட்டுமே, பக்கத்துல எத்தனை லேயர் இருந்தாலும் கேரட்டுக்கு தெரியாது. உண்மையான டமாஸ்கஸ் அழகா இருக்கும், அதுக்கு காசு குடுக்க மனசிருந்தா குடுங்க, தப்பில்ல. ஆனா 999 ரூபாய் கத்தியில இருக்கிறது லேசர்ல பொறிச்ச படம். கண்டுபிடிக்கிறது சுலபம். அலை கோடு கூரோட விளிம்பு வரைக்கும் அப்படியே ஓடுச்சுன்னா பெரும்பாலும் பொய், ஏன்னா நடு ஸ்டீல்ல டிசைன் இருக்காது. ஒரே வளைவு அச்சடிச்ச மாதிரி திரும்பத் திரும்ப வந்தாலும் பொய். கத்தி முதுகை பாருங்க, நிஜ அடுக்குன்னா அங்கயும் மெல்லிசா கோடு தெரியும். அப்புறம் ப்ளேடுல விரல் விடுற ஓட்டை போட்டு, காட்டுல இருந்து வந்த மாதிரி சுத்தியல் தழும்போட ஒரு கத்திக்கு விளம்பரம் ஓடுதே, அதை பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பல.

"ஜப்பானீஸ் ஸ்டீல்", "ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்"னு மட்டும் போட்டுட்டு ஸ்டீலோட பேரை சொல்லலன்னா தாண்டி போயிடுங்க. சீனாவுல செஞ்சதெல்லாம் மோசம்னு இல்ல, விஜி10 மாதிரியே கலவையில டென்-சிஆர்-ஃபிப்டீன்னு ஆரம்பிக்கிற நீளமான பேர்ல ஒரு ஸ்டீல் அங்க வருது, நல்லா பதம் வச்சிருந்தா அருமையா வேலை செய்யும். ஆனா த்ரீ-சிஆர்னு ஆரம்பிக்கிற மெதுவான மலிவு ஸ்டீலை டமாஸ்கஸ் படம் போட்டு ஜப்பான் பேர் வச்சு விக்கிறாங்க பாருங்க, அதுலதான் உஷாரா இருக்கணும்.

சரி, எதை வாங்குறது

ஜப்பான்ல கத்திக்கு பேர் போன ஊருங்க சிலது இருக்கு. ஒசாகா பக்கத்துல சக்காய், கிஃபு மாகாணத்துல செகி, நீகாட்டாவுல சுபாமே-சான்ஜோ, ஃபுகுய்ல எச்சிசென். செகி பழைய காலத்துல வாள் செஞ்ச ஊர், 1876ல பொது இடத்துல வாள் கட்டக்கூடாதுன்னு அரசாங்கம் உத்தரவு போட்டப்புறம் நாடு முழுக்க வாள் கொல்லர்ங்க நிறைய பேர் கத்தி, கருவி பக்கம் திரும்பினாங்க. சக்காய்ல இன்னைக்கும் ஒருத்தர் அடிப்பார், வேற ஒருத்தர் கூர் வைப்பார், இன்னொருத்தர் பிடி போடுவார், அந்த கைவேலைக்கு உண்டான விலையும் இருக்கும். நம்ம பட்ஜெட்டுக்கு ஃபேக்டரியில செய்ற செகியும் சுபாமேயும்தான் சரிப்பட்டு வரும்.

என்னோட முதல் சாய்ஸ் சுபாமேல இருக்கிற டோஜிரோவோட டிபி சீரிஸ். விஜி10 நடுவுல, ரெண்டு பக்கம் ஸ்டெயின்லெஸ் கவசம், கறுப்பு பிடி, மூணு ஆணி, பார்க்க ஒரு கவர்ச்சியும் கிடையாது. சான்டோக்கு 170, கியூட்டோ 210 ரெண்டும் வருது. ஜப்பான்ல பத்தாயிரம் யென்னை ஒட்டி, அதாவது நம்ம காசுக்கு ஆறாயிரம் ரூபாய் கிட்ட, இந்தியாவுக்கு இம்போர்ட் ஆகி வரும்போது விலை ஏறிடும், அதனால யாராவது ஜப்பான்ல இருந்தோ சிங்கப்பூர்ல இருந்தோ வர்றாங்கன்னா சொல்லி வைங்க.

அதுக்கு கீழ, கய் கம்பெனியோட செகி மகோரோகு வரிசையில ஆரம்ப மாடல்கள். கய் 1908ல செகியில தொடங்குனது, விலை அதிகமான ஷுன் கத்திங்களும் அவங்களோடதுதான், ராஜஸ்தான் நீம்ரானாவுல ஃபேக்டரியும் இருக்கு, அதனால இந்தியாவுலயே அவங்க கத்திங்க கிடைக்குது. ஆனா இங்க விக்கிறதுல எது ஜப்பான்ல செஞ்சது எது மத்த இடத்துல செஞ்சதுன்னு டப்பாவை திருப்பி பார்த்து வாங்குங்க.

அவ்வளவு கூட வேண்டாம், இன்னும் கம்மியா முடியணும்னா நான் ஜப்பானையே விட்டுட்டு விக்டோரினாக்ஸ் சான்டோக்கு ஒண்ணு வாங்க சொல்லுவேன். சுவிஸ் கத்திதான், ஷேப் மட்டும் ஜப்பான், கெட்டி 56 கிட்ட, ஆனா ப்ளேடு மெலிசு. அதான் முக்கியம்னு மேலயே சொன்னேனே. முரட்டு கைங்க இருக்கிற வீட்டுக்கு இதுவே நிம்மதி. பேர் தெரியாத டமாஸ்கஸ் பத்தைவிட இது ஒண்ணு மேல்.

மிசோனோ, மேக், குளோபல் எல்லாம் நல்ல கத்திங்க, பட்ஜெட் கொஞ்சம் தாண்டும். 1985ல வந்த குளோபல் முழுக்க ஸ்டீல், பிடி உள்ள குழாயா செஞ்சு பேலன்ஸுக்கு மணல் போட்டிருப்பாங்க. சிலருக்கு அந்த பிடி உயிர், எனக்கு எண்ணெய் கையில அது வழுக்குற மாதிரியே இருக்கும்.

டோக்கியோ போறவங்களுக்கு ஒரு வார்த்தை. உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவுல கப்பாபாஷின்னு ஒரு தெரு முழுக்க பாத்திரக் கடைங்கதான், கத்திக்குன்னே தனி கடைங்க இருக்கு, சிலதுல வாங்குற கத்தியில பேர் பொறிச்சும் தருவாங்க. ஒசாகாவுல அதே மாதிரி டோகுயாசுஜி. வாங்கின கத்தியை பேக்கிங்கை பிரிக்காம ரூமுக்கு கொண்டு போங்க, ஏன்னா அந்த ஊர் சட்டப்படி 6 சென்டிமீட்டருக்கு மேல ப்ளேடு உள்ள கத்தியை நியாயமான காரணம் இல்லாம கையில வச்சுகிட்டு சுத்தக்கூடாது. ஃப்ளைட்ல செக்-இன் பெட்டியில போடணும், கேபின் பேக்ல இருந்தா செக்யூரிட்டியில கத்தியை அங்கயே விட்டுட்டு வர வேண்டியதுதான்.

கடையில கையில எடுத்து பார்க்க முடிஞ்சா ரெண்டு மூணு விஷயம் பாருங்க. கத்தியை பிடிக்கிறது பிடியில இல்ல, ப்ளேடு ஆரம்பிக்கிற இடத்தை கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கிள்ளி பிடிச்சு மத்த மூணு விரலையும் பிடியில சுத்தணும், அப்படி பிடிச்சு பாருங்க. முதுகோட விளிம்பு ஆள்காட்டி விரலை அறுக்குற மாதிரி இருக்கும் சில கத்தியில, விலை கம்மி கத்தியில அது சகஜம், 400 நம்பர் உப்புத்தாளை வச்சு பத்து நிமிஷம் தேய்ச்சா சரியாகிடும், அதுக்காக வேண்டாம்னு வைக்காதீங்க. ஒரு கண்ணை மூடிகிட்டு பிடி பக்கத்துல இருந்து கூரை நேர்கோட்டுல பாருங்க, வளைவு இருந்தா மாத்தி கேளுங்க. பிடியும் ப்ளேடும் சேர்ற இடத்துல இடைவெளி இருக்கக்கூடாது, தண்ணி உள்ள போய் உள்ளுக்குள்ளயே துரு பிடிக்கும். போர்டுல வெட்டுற மாதிரி வச்சு பார்க்கும்போது விரல் முட்டி போர்டுல இடிக்கக்கூடாது, பிடிகிட்ட ப்ளேடு உயரம் 45 மில்லிமீட்டர் இருந்தா பெரும்பாலும் இடிக்காது.

மரப்பிடியா ஆணி வச்ச பிடியாங்கிறது உங்க இஷ்டம். ஜப்பான் ஸ்டைல் மரப்பிடி எடை கம்மி, ஆனா ஈரத்துலயே கிடந்தா ஊறும். சிங்க்ல கத்தியை போட்டு வைக்கிற வீடுன்னா ஆணி வச்சதுக்கு போங்க.

மிச்ச காசு

கத்திக்கு ஆகுற காசுல மூணுல ஒரு பங்கை போர்டுக்கும் கல்லுக்கும் எடுத்து வைங்க. நம்ம வீடுகள்ல கிரானைட் மேடையிலயே வச்சு நறுக்குறவங்க இருக்காங்க, இந்த கத்தியை அப்படி ஒரு நாள் பயன்படுத்தினா கூர் போச்சு. கண்ணாடி போர்டு அதைவிட மோசம். மரம், இல்லன்னா கொஞ்சம் மெதுவான பிளாஸ்டிக். மூங்கில் மரத்தைவிட கெட்டி, இருக்கிறதை வச்சு ஓட்டலாம், புதுசா வாங்கும்போது மரமா வாங்குங்க. நறுக்குன காயை கத்தி கூராலயே வழிச்சு பாத்திரத்துல தள்ளுற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, கத்தியை கவுத்து முதுகால தள்ளுங்க, இது ஒண்ணுலயே கூர் ரொம்ப நாள் கூட நிக்கும்.

சைக்கிள்ல சாணை பிடிக்க வர்றவர் அரிவாமனைக்கும் அருவாளுக்கும் சரியான ஆள், இதுக்கு இல்ல. தண்ணி இல்லாம வேகமா சுத்துற கல்லுல தீப்பொறி பறக்குற சூட்டுல இந்த மெலிசு கூரோட பதம் போயிடும், நிறைய ஸ்டீலும் வீணா தேயும். இழுத்தா கூர் ஆகும்னு விக்கிற வி ஷேப் ஷார்ப்பனரும் வேண்டாம், அது கூரை கிள்ளி எடுக்கும். வரி வரியா இருக்கிற ஸ்டீல் கம்பியும் கெட்டி ஸ்டீலுக்கு ஆகாது.

1000 கிரிட் தண்ணி கல்லு ஒண்ணு போதும், தண்ணி போட்டு கூர் தீட்டுற கல்லு, கிரிட்ங்கிறது அதோட சொரசொரப்பு நம்பர். கிங், ஷாப்டன் ரெண்டும் தெரிஞ்ச பேர். கிங் 1000ஐ பத்து நிமிஷம் தண்ணியில ஊற வைக்கணும், ஷாப்டன் குரோமாகுன்னா மேல தண்ணி தெளிச்சாலே போதும். கல்லை ஈரத்துணி மேல நகராம வச்சு, கத்தியை படுக்க வச்சு முதுகை லேசா தூக்குங்க, 45 மில்லிமீட்டர் உயர கத்திக்கு முதுகு 12 மில்லிமீட்டர் எழுந்தா 15 டிகிரி வந்துடும். அதே சாய்வுல பிடியில இருந்து நுனி வரைக்கும் பகுதி பகுதியா தேய்ங்க, கொஞ்ச நேரத்துல எதிர் பக்கம் விரலை கூர்ல இருந்து வெளிய பார்த்து தடவினா நகத்துல மாட்டுற மாதிரி ஒரு சொரசொரப்பு வரும். அது கூர் முழு நீளத்துக்கும் வந்தாத்தான் அந்த பக்கம் முடிஞ்சதுன்னு அர்த்தம், வர்றதுக்கு முன்னாடி திருப்பினா வேலைக்கு ஆகாது. ரெண்டு பக்கமும் ஆனப்புறம் அழுத்தமே இல்லாம மாத்தி மாத்தி நாலஞ்சு தடவை இழுத்து அந்த சொரசொரப்பை எடுக்கணும், விஜி10ல இது கொஞ்சம் அடம் பிடிக்கும், பொறுமையா எடுங்க. நியூஸ்பேப்பரை தொங்க விட்டு வெட்டினா சிக்காம இறங்கணும், எந்த இடத்துல சிக்குதோ அங்க மட்டும் திரும்ப தேய்க்கணும். தினமும் சமைக்கிற வீட்டுல ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை இது போதும். முதல் தடவை புது கத்தியில பண்ணாதீங்க, பழைய கத்தியில கை பழகிட்டு வாங்க.

கழுவுறதுக்கு பெரிய ரூல் எதுவும் இல்ல. வேலை முடிஞ்ச உடனே கையால கழுவி துடைச்சு வைக்கணும், டிஷ்வாஷர்ல போடக்கூடாது, கரண்டிங்களோட டிராயர்ல போட்டு உருட்டக்கூடாது. காந்தப் பட்டையில மாட்டுறவங்க முதுகை முதல்ல ஒட்டிட்டு அப்புறம் ப்ளேடை சாய்க்கணும்.

கத்தி வீட்டுக்கு வந்த அன்னைக்கே எல்லாரையும் கூப்பிட்டு காட்டிடுங்க, வேலைக்கு வர்ற அக்காவையும் சேர்த்துதான், அவங்கதான் அதை அதிகம் கழுவப் போறாங்க, தெரியாம ஸ்பாஞ்சை கூர் பக்கமா பிடிச்சு இழுத்தா கை போயிடும். ஸ்பாஞ்சை முதுகு பக்கத்துல இருந்துதான் பிடிக்கணும்னு செஞ்சே காட்டுங்க. தேங்காய்க்கும் கறிக்கும் பழைய கத்தியை கை எட்டுற இடத்துல வைங்க, புதுசை கொஞ்சம் தள்ளி வைங்க, அவசரத்துல கை எது பக்கத்துல இருக்கோ அதைத்தான் எடுக்கும்.